கட்டிலின் அடிப்பக்கம்

ஜோயல் கண்ணு,

நேற்று முன்தினம்தான் உன் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்தோம், அதற்குள் அப்பாவிடமிருந்து கடிதமா என்று நினைப்பாய். போனில் சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ "சரிங்கப்பா, விடுங்க, பாத்துக்கலாம்" என்பாய். நானும் "சரி கண்ணு" என்று வைத்துவிடுவேன். நமக்குள் முக்கியமான பேச்சு எல்லாமே இப்படித்தான் முடிந்திருக்கிறது. அதனால் எழுதுகிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு ஒத்தாசை செய்ய உன் அம்மா வெள்ளிக்கிழமையே அங்கே வருகிறாள் அல்லவா, அவளிடம் இந்தக் கவரைக் கொடுத்து அனுப்புகிறேன். சனிக்கிழமை காலை அந்த இன்டீரியர் ஆள் வருவதற்குள் நீ இதைப் படித்துவிட வேண்டும். அதற்குப் பிறகு படித்துப் பிரயோசனம் இல்லை.

ரூத்தின் அலமாரிக் கதவைப் பற்றித்தான் சொல்ல வருகிறேன். அன்றைக்குச் சாப்பிட்டுக் கை கழுவியதும் அவள் என் விரலைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். "தாத்தா, ஒண்ணு காட்டறேன், யாருகிட்டயும் சொல்லக் கூடாது" என்று கதவைத் திறந்தாள். நீ பார்த்திருப்பாய். ஆனால் உட்கார்ந்து பார்த்தாயா என்று தெரியவில்லை. நான் தரையில் உட்கார்ந்து கதவின் உள்பக்கத்தைப் பார்த்தேன். ஆப்பிளிலும் ஆரஞ்சிலும் ஒட்டி வரும் வட்ட ஸ்டிக்கர்கள், நகத்தால் நீவி நீவிச் சுருக்கம் எடுத்த மிட்டாய்த் தாள்கள், சிப்ஸ் பாக்கெட்டில் வெட்டிய சிரிக்கும் முகம், பக்கத்து ஃபிளாட் கல்யாணப் பத்திரிகையில் இருந்து வெட்டிய பிள்ளையார், நம் சபையின் கிறிஸ்துமஸ் அட்டையில் இருந்து வெட்டிய மூன்று ஒட்டகம். பிள்ளையாரும் ஒட்டகமும் பக்கத்தில் பக்கத்தில். ஒவ்வொன்றுக்கும் அவளிடம் ஒரு கதை இருந்தது. கடைசியில் கதவைச் சாத்தி, வெள்ளை வெளேரென்று இருந்த வெளிப்பக்கத்தைத் தட்டிக் காட்டி, "வெளிய இருந்து பாத்தா ஒண்ணுமே தெரியாது தாத்தா" என்று பெருமையாகச் சொன்னாள். எனக்கு எழுந்திருக்கவே முடியவில்லை. முட்டிவலி என்று சொல்லிச் சமாளித்தேன்.

அதன் பிறகு பால்கனியில் நின்று காபி குடிக்கும்போது நீ சொன்னாய். "ஞாயித்துக்கெழம ஆபீஸ்ல இருந்து பதினஞ்சு பேரு வாராங்கப்பா. ஊட்டச் சுத்திக் காட்டோணும். எவனாச்சும் அந்தக் கதவத் தொறந்து பாத்தான்னா மானம் போயிரும். சனிக்கெழம இவ கீபோர்டு கிளாஸ் போற நேரத்துல, எல்லாத்தையும் சொரண்டிப்போட்டு புது ஷீட் ஒட்டச் சொல்லியிருக்கறேன்."

"பாப்பா கேட்டா?" என்றேன்.

"பூஞ்சணம் புடிச்சுருச்சுன்னு சொல்லிக்கலாங்கப்பா" என்று சிரித்தாய். நானும் கூடவே சிரித்தேன். என் மேலேயே எனக்கு ஆத்திரம் வந்த சிரிப்பு அது. உன் மேல் கோபம் இல்லை, கண்ணு. நீ சொன்ன அந்தப் பொய் என்னுடையது. எங்கே எப்போது சொன்னேன் என்பது நன்றாக நினைவிருக்கிறது. இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, இப்போது உன்னிடம் சொல்கிறேன்.

துடியலூரில் நாம் இருந்த லைன் வீடு உனக்கு மறந்திருக்காது. ஒரே அறை, பின்னால் சமையல்கட்டு, வெளியே துவைக்கிற கல். நம் சுவரில் இரண்டே பொருள்தான் தொங்கும். ஒன்று கடிகாரம், இன்னொன்று வசன காலண்டர். தாராபுரத்தில் மிஷன் வளாகத்தில் வளர்ந்தவன் நான். எங்கள் வீட்டில் சுவர் என்றால் அப்படித்தான் இருக்கும். பக்கத்து வீட்டுப் பழனியம்மாள் அக்கா வீட்டிலோ சுவரே தெரியாது. ஒவ்வொரு தை மாதமும் மளிகைக் கடை, நகைக் கடை, உரக் கடை என்று வருகிற காலண்டர் எல்லாம் அங்கே போய்ச் சேரும். தேதி முடிந்தாலும் சாமி படத்தைக் குப்பையில் போட மாட்டார். பழைய ஆணியிலேயே மேலே மேலே மாட்டிக்கொண்டு போவார். பம்ப்செட் பட்டறையில் ஸ்டோர் கீப்பராக இருந்த எனக்கும் வருடா வருடம் ஒரு காலண்டர் கொடுப்பார்கள். மயில் மேல் முருகன், தாமரையில் லட்சுமி என்று வரும். நான் அதைச் சுருள் பிரிக்காமலே அக்கா வீட்டில் கொடுத்துவிடுவேன். நீ என் பின்னாலேயே வருவாய். சுருளைப் பிரிக்கிற நேரம் பார்த்து அவர் பக்கத்தில் போய் நின்றுகொள்வாய்; பழைய படம் ஒன்று உனக்குக் கிடைக்கும்.

அந்த நாளில் வண்ணத்தை யாரும் தனியாக வாங்கியதில்லை. வேறு எதையாவது வாங்கும்போது அது சும்மா கூட வரும். தீப்பெட்டி வாங்கினால் கிளியோ கப்பலோ கூட வரும். ஊதுபத்திக் கட்டில் ஒரு ரோஜாப்பூ, பட்டாசுப் பெட்டியில் மத்தாப்பு பிடித்த பாவாடைச் சிறுமி, பீடிக்கட்டில் மீசை வைத்த ஒரு ஆள், மில்லில் இருந்து வருகிற நூல் பண்டலில் யானையும் சிங்கமும். பெரியவர்கள் நாங்கள் பொருளை எடுத்துக்கொண்டு படத்தைக் கசக்கிப் போட்டோம். நீ மட்டும் குனிந்து குனிந்து பொறுக்கினாய். எனக்குக் கண் இல்லாமல் இல்லை. சின்ன வயதில் தாராபுரம் லாரி ஸ்டாண்டில், லாரிகளின் பின்பக்கம் வரைந்திருந்த மலையையும் சூரியனையும் வாத்தையும் பார்த்துக்கொண்டே நின்று ஸ்கூலுக்குப் பிந்திப் போய் அடி வாங்கியவன்தான். பிறகு எப்போதோ அதெல்லாம் நமக்கு இல்லை என்று முடிவு செய்துகொண்டேன். யாரும் அப்படிச் சொல்லவில்லை. நானாகவே முடிவு செய்தேன்.

நீ எங்கே வைக்கிறாய் இந்தப் படங்களையெல்லாம் என்று நான் கேட்டதில்லை. பலகைக் கட்டிலுக்கு அடியில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டு மேலே பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பாய். அங்கே குளிர்ச்சியாக இருக்கிறது போல என்று நினைத்தேன். உன் அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. மைதாப் பசை காய்ச்சிக் கொடுத்தவளே அவள்தான்.

உனக்குப் பத்து வயது. நம் வீட்டில் முதல்முறையாக ஜெபக்கூட்டம் வைத்திருந்தோம். சபையில் எல்லார் வீட்டிலும் முறை வைத்து நடக்கும். நம் முறை வந்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. வாடகை வீட்டுக்காரன், சம்பளக்காரன், நம் வீட்டுக்கும் இருபது பேர் வரப்போகிறார்கள் என்று ஒரே பெருமை. இருபது பேர் பாயில் உட்கார வேண்டும் என்றால் கட்டிலை வெளியே எடுத்தாக வேண்டும். அதுதான் எல்லா வீட்டிலும் வழக்கம். கட்டிலைத் தூக்கி வாசல் சுவரில் ஒருக்களித்துச் சாய்த்து வைப்பார்கள். நான் மதியமே லீவு சொல்லிவிட்டு வந்து கட்டிலைத் தூக்கி வெளியே சாய்த்தேன். அடிப்பக்கம் சந்துப் பக்கம் பார்த்துத் திரும்பியது.

அப்போதுதான் பார்த்தேன். பலகையில் ஒரு விரல் வைக்க இடம் இல்லை. நடுவில், பழனியம்மாள் அக்கா காரமடைத் தேருக்குப் போனபோது உனக்கு வாங்கி வந்த ஜிகினா ஒட்டிய ரங்கநாதர். அவரைச் சுற்றிக் கிளிகளும் கப்பல்களும். முருகன், லட்சுமி, பாவாடைச் சிறுமி, பீடிக்கட்டு மீசைக்காரர். ஒரு மூலையில் நல்ல மேய்ப்பர் ஆட்டுக்குட்டியைத் தூக்கிக்கொண்டு இருந்தார். அதை ஞாயிறு பள்ளியில் கொடுத்திருப்பார்கள். வெயில் பட்டதும் மொத்தமும் பளபள என்று எரிந்தது. உண்மையைச் சொல்கிறேன், ஒரு நிமிடம் நான் அசந்துபோய் நின்றேன். அழகாக இருந்தது, கண்ணு. அவ்வளவு அழகாக இருந்தது.

அடுத்த நிமிடம் பயம் வந்துவிட்டது. வருகிற இருபது பேரும் இந்தக் கட்டிலைத் தாண்டித்தான் வீட்டுக்குள் வர வேண்டும். பையனை எப்படி வளர்த்திருக்கிறான் பார் என்று பேசுவார்கள். போதகர் ஐயா முகம் சுளிப்பார். கட்டிலைத் திருப்பிச் சாய்த்திருக்கலாம். ஒரு போர்வையைப் போட்டு மூடியிருக்கலாம். இதெல்லாம் இன்றைக்குத் தோன்றுகிறது. அன்றைக்குத் தோன்றியது ஒன்றுதான். குளிப்பதற்குக் காய்ந்துகொண்டிருந்த வெந்நீரை எடுத்து ஊற்றினேன். சமையல்கட்டில் இருந்து தோசைத் திருப்பியை எடுத்து வந்து சுரண்டினேன். உன் அம்மா, "வேண்டாமுங்க, அவன் வரட்டும், அவனையே கேட்டுக்கலாமுங்க" என்று கையைப் பிடித்தாள். உதறிவிட்டேன். பழனியம்மாள் அக்கா சத்தம் கேட்டு வெளியே வந்தார். சிவப்பும் பச்சையுமாகத் தண்ணீர் சாக்கடைக்கு ஓடுவதைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

"ஏனுங்க தம்பி, பையன் வந்து கேட்டா என்னங்க சொல்லுவீங்க?" என்றார்.

"கரையான் புடிச்சிருக்குதுங்கக்கா" என்றேன். அங்கேதான், அந்த வாசலில்தான், முதலில் அந்தப் பொய்யைச் சொன்னேன். அவர் கட்டிலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். உள்ளே போய்விட்டார்.

நீ பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது பலகை ஈரமாகவும் வெறுமையாகவும் நின்றது. பையைக்கூடக் கழற்றாமல் நின்று பார்த்தாய். நானே முந்திக்கொண்டு, "கரையான் வந்துருச்சு கண்ணு, அப்பா கழுவி உட்டுட்டேன்" என்றேன். நீ கிட்டே போய்ப் பலகையை விரலால் தடவினாய். அழுவாய், கத்துவாய் என்று எதிர்பார்த்தேன். அதற்கு ஒரு அதட்டல்கூடத் தயாராக வைத்திருந்தேன். நீ "சரிங்கப்பா" என்றாய். அவ்வளவுதான்.

சாயங்காலம் இருட்டிய பிறகு எல்லாரும் வந்தார்கள்; வாசலில் சாய்ந்திருந்த கட்டிலை யாரும் கவனிக்கவில்லை. பாட்டு, வேத வாசிப்பு, ஜெபம் எல்லாம் நன்றாக நடந்தது. சுண்டலும் காபியும் கொடுக்கும்போது போதகர் ஐயா உன்னைக் கூப்பிட்டார். அதற்கு முந்தைய மாதம் உனக்கு மஞ்சள் காமாலை வந்து படுத்திருந்தாய் அல்லவா, நான் வேலைக்குப் போன நேரத்தில் அவர் ஜெபம் பண்ண வந்திருக்கிறார். அப்போது நீ அவரைக் குனிய வைத்துக் கட்டிலுக்கு அடியில் காட்டியிருக்கிறாய். எனக்கு அது தெரியாது. அவர் தன் வேதாகமத்தைத் திறந்து ஒரு சின்னப் படத்தை எடுத்தார். சிவப்புக் குடை பிடித்துக்கொண்டு நிற்கிற யானை, பழைய தீப்பெட்டிப் படம்.

"தம்பி, இது நான் உன் வயசுல சேத்தது. ஒண்ணுதான் மிச்சம் இருந்துச்சு. உன் மாளிகையில எடம் இருக்குமா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார்.

இருபது பேரும் உன்னைப் பார்த்துச் சிரித்தார்கள், பிரியமாகத்தான் சிரித்தார்கள். யாரைப் பார்த்துப் பயந்தேனோ, அவருக்கு அது மாளிகையாக இருந்திருக்கிறது. கட்டில் வெளியே சாய்ந்து கிடக்கிறது, இப்போது இவன் என்ன சொல்லப்போகிறானோ என்று எனக்கு வேர்த்துவிட்டது. நீ நிமிர்ந்து ஒரு தடவை என்னைப் பார்த்தாய். பிறகு, "இருக்குதுங்கய்யா. ரொம்ப தேங்க்ஸுங்க" என்று படத்தை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாய். எப்படியோ தப்பித்தோம் என்று நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். எவ்வளவு கேவலமான நிம்மதி அது.

மறுநாள் காலை என் வேதாகமத்தைத் திறந்தபோது அந்த யானை அதற்குள் இருந்தது. மறந்து வைத்துவிட்டாய் போல என்று நினைத்தேன். கேட்கத் தைரியம் இல்லை. அப்படியே விட்டுவிட்டேன். அதற்குப் பிறகு நீ ஒரு படமும் ஒட்டவில்லை. அடுத்த தையில் பழனியம்மாள் அக்கா ஒரு காலண்டரைச் சுருட்டிக்கொண்டு வந்து, "பையனுக்கு இனி வேணாமாமா?" என்று தயங்கிக் கேட்டார். நீ உள்ளே இருந்து கணக்குப் போட்டுக்கொண்டே, "வேண்டாமுங்கத்தை" என்றாய். அவருக்கு முகம் வாடிப்போயிற்று. எனக்கோ, பையன் வளர்ந்துவிட்டான் என்று பெருமை! சொந்தக்காரர்களிடம் எல்லாம், "எங்க ஜோயல் இருக்கற எடத்துல ஒரு கோடு, ஒரு கறை பாக்க முடியாது" என்று எத்தனை வருடம் பீற்றிக்கொண்டேன். உன் அம்மா அந்தத் தோசைத் திருப்பியை மறுபடி தோசைக்கு எடுக்கவே இல்லை. புதிதாக ஒன்று வாங்கினாள். அதற்கும் நான் காரணம் கேட்கவில்லை.

இதுவரை எழுதியது எனக்கு நெடுநாளாகத் தெரிந்த பாவம். இனி எழுதுவது போன ஞாயிற்றுக்கிழமைதான் தெரிந்தது.

உன் வீட்டில் இருந்து கிளம்பித் துடியலூர் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தோம். உன் அம்மா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தாள். வெள்ளக்கிணறு தாண்டும்போது திடீரென்று, "ஏனுங்க, அவன் சொன்னதக் கேட்டீங்களா? பூஞ்சணமாமா" என்றாள்.

"கேட்டேன்" என்றேன்.

"அவனுக்கு அன்னிக்கே தெரியுமுங்க."

எனக்குப் புரியவில்லை. பிறகு அவளே சொன்னாள். அன்றைக்கு நான் பாய் வாங்கிவரப் போயிருந்த நேரத்தில் நீ சாக்கடை ஓரமாகக் குந்தி, தேங்கி நின்ற படங்களைப் பொறுக்கினாயாம். ஒரு கிளி, பாதி ரங்கநாதர், பாவாடைச் சிறுமியின் கை. துவைக்கிற கல்லில் வரிசையாகக் காய வைத்தாயாம். எல்லாம் கிழிந்து கூழாகிப் போயிருந்தது. தோசைத் திருப்பி அங்கேயே கிடந்தது, அதில் ஜிகினா ஒட்டியிருந்தது. நீ அதை எடுத்துக் கழுவி உள்ளே கொண்டுபோய் வைத்தாயாம். அப்புறம் அந்தக் கிழிசலையெல்லாம் நீயே அள்ளி வெந்நீர் அடுப்பில் போட்டாயாம். அம்மா அழுதபோது நீ சொன்னது இது. அவள் சொன்ன மாதிரியே எழுதுகிறேன்.

"நான் இதப் பாத்தேன்னு அப்பாகிட்டச் சொல்லிப்போடாதீங்கம்மா. கரையான்னு சொல்லிப்போட்டாங்க. எனக்குத் தெரிஞ்சுருச்சுன்னா அப்பாவுக்குச் சங்கடமாப் போயிரும்."

பஸ்ஸில் அத்தனை பேர் இருந்தார்கள், கண்ணு. நான் துண்டால் முகத்தை மூடிக்கொண்டேன். பத்து வயதுப் பிள்ளை, தன் சொத்து மொத்தமும் போன அன்றைக்கு, என் மானத்தைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறது. போதகர் கேட்டபோது "இருக்குது" என்று சொன்னதும் எனக்காகத்தான். இருபத்தெட்டு வருடம் நீ அதைக் காப்பாற்றி வந்திருக்கிறாய். நானோ என் பொய்யை யாரும் கண்டுபிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதனால் இப்போது நேராகச் சொல்கிறேன். கட்டிலில் கரையான் வரவில்லை. நான்தான் சுரண்டினேன். நாலு பேர் என்ன சொல்வார்களோ என்று பயந்து செய்தேன். செய்தது தப்பு. அதைவிடப் பெரிய தப்பு, உன் முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னது. என்னை மன்னித்துவிடு. இதை அன்றைக்கே, அந்த ஈரப் பலகைக்கு முன்னாலேயே சொல்லியிருந்தால் நீ அழுதிருப்பாய், ஒரு வாரம் என்னோடு பேசாமல் இருந்திருப்பாய், அப்புறம் மறுபடி ஒட்ட ஆரம்பித்திருப்பாய். அந்த ஒரு வாரக் கோபத்துக்குப் பயந்து, உன்னை "சரிங்கப்பா" என்று மட்டும் சொல்லத் தெரிந்த பிள்ளையாக ஆக்கிவிட்டேன்.

நீ என் வழியில் போகிறாய் என்று குற்றம் சொல்ல எனக்கு வாய் இல்லை. வேறு வழியை நான் உனக்குக் காட்டவும் இல்லை. கதவு உன்னுடையது, வீடு உன்னுடையது. உழைத்துக் கட்டிய வீடு அழகாக இருக்க வேண்டும் என்று நீ நினைப்பதில் தவறும் இல்லை. சுரண்டத்தான் வேண்டும் என்று உனக்குப் பட்டால் சுரண்டு. ஆனால் அவள் கீபோர்டு கிளாஸ் போயிருக்கும்போது வேண்டாம். அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து, "பாப்பா, அப்பாவுக்கு வாரவங்க முன்னாடி வெக்கமா இருக்குது, அதனால எடுக்கறேன்" என்று உள்ள காரணத்தைச் சொல்லி எடு. அப்படிச் சொல்ல உனக்கு வாய் வருகிறதா என்று பார். எனக்கு வந்திருக்காது. சொல்ல வாய் வராவிட்டால், அந்தக் காரணம் அவ்வளவுதான் பெறும் என்று தெரிந்துகொள். அவள் அழட்டும், கத்தட்டும், காலை உதைக்கட்டும். அது உன் வீட்டுக்கு நல்லது. பூஞ்சணம் என்று மட்டும் சொல்லாதே. ஏழு வயதுக்காரிக்கு அது பூஞ்சணம் இல்லை என்று தெரிந்துவிடும். தெரிந்த பிறகு அவள் உனக்குச் சங்கடம் வரக் கூடாதே என்று வாயை மூடிக்கொள்வாள். நம் வீட்டுப் பிள்ளை அல்லவா, நிச்சயம் மூடிக்கொள்வாள்.

இந்தக் கவருக்குள் ஒரு சின்னக் காகிதம் மடித்து வைத்திருக்கிறேன். பிரிக்கும்போது பார்த்துப் பிரி, ஓரம் நைந்திருக்கிறது. குடை பிடித்த யானைதான். ஒட்ட இடம் இல்லாதவன் அதை வேறு எங்கே வைத்திருப்பான் என்று எனக்கு இப்போதுதான் புரிகிறது. இத்தனை வருடம் என் வேதாகமத்தில்தான் இருந்தது. சிவப்பு இன்னும் மங்கவில்லை. அதை ரூத்திடம் கொடு. எங்கே ஒட்டுவது என்று அவள் சொல்லட்டும். இது யாருடையது, தாத்தாவிடம் எப்படி வந்தது என்று அவள் கேட்பாள். நடந்ததை நடந்தபடி சொல்லிவிடு. அப்பாவுக்குச் சங்கடமாகப் போய்விடும் என்று மட்டும் பார்க்காதே, கண்ணு.

உன் அப்பா